சம்பவம்னா நல்லதா, கெட்டதா?

தினத்தாள் படித்து வளர்ந்தவர்களுக்குச் ‘சம்பவம்’ நல்ல சொல் அல்ல. கொலை விழுந்தால், பஸ் கவிழ்ந்தால், குடிசை எரிந்தால் அது சம்பவம். போலீசார் விரைவது சம்பவ இடத்துக்கு. உயிர் பிரிவதும் சம்பவ இடத்திலேயே. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அப்படியே படித்துப் பழகியவர் என் அப்பா. சென்ற ஆண்டு ஒரு மாலை, கல்லூரியிலிருந்து வந்த என் மகள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “தாத்தா, இன்னைக்கு எங்க கிளாஸ்ல தரமான சம்பவம்!” என்று கூவினாள். அவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார். “யாருக்கும்மா? ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்களா?” என்று கேட்டார். நடந்தது இதுதான்: மூன்று ஆண்டுகளாக வகுப்பில் வாய் திறக்காத ஒரு பெண் அன்று எழுந்து நின்று, ஒரு தலைப்பில் பதினைந்து நிமிடம் பேசி எல்லோரையும் வாயடைக்க வைத்திருக்கிறாள். மகள் அதைக் கொண்டாடிக்கொண்டு வந்திருக்கிறாள்.

அன்றிரவு அப்பா என்னிடம் தனியாகக் கேட்டார்: “சம்பவம்னா இப்போ நல்லதா, கெட்டதா?” யார் சொல்கிறார்கள், யாரைப் பற்றிச் சொல்கிறார்கள், எந்தத் தொனியில் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது என்றேன். அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை. எனக்கும் போதவில்லை.

இந்தக் கேள்வி இன்று தமிழ்நாட்டில் எத்தனை வீடுகளில் எழும் என்று எண்ணிப் பார்க்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் 10.4 விழுக்காட்டினர் அறுபது வயதைக் கடந்தவர்கள். 2021-ஆம் ஆண்டுக்கான மத்தியப் புள்ளியியல் துறையின் மதிப்பீடு அதை 13.6 விழுக்காடு என்றது. இந்தியாவின் பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்தபடி முதியோர் விகிதம் மிகுந்தது நம் மாநிலம். முதியவர்கள் பெருகிய அதே காலத்தில்தான் இளைஞர்களின் சொற்கள் பிறந்து வளர்ந்து மறையும் வேகமும் பெருகியிருக்கிறது. இரண்டும் ஒரே கூரையின்கீழ் சந்திக்கின்றன, பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்தில்.

ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புரியும்படி பேசிக்கொள்வது புதிது என்று யாராவது சொன்னால், நம் இலக்கணத்தைப் புரட்டினால் போதும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் தகுதி வழக்கை மூன்றாகப் பிரித்தார். இடக்கரடக்கல், மங்கலம் என்ற இரண்டோடு அவர் வைத்த மூன்றாவது, குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும் பள்ளிப் புத்தகத்தில் நாம் மனப்பாடம் செய்த எடுத்துக்காட்டுகள். பரீட்சைக்காகப் படித்துவிட்டு மறந்தோமே தவிர, அதன் பொருளை யோசித்ததில்லை. நகை வாங்க வந்தவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது, அவருக்குப் புரியாமல் இரண்டு தட்டார்கள் பேசிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தத் தேவையை இலக்கணம் வழு என்று தள்ளாமல் வழக்கு என்று ஏற்று இடம் கொடுத்தது. காலம் கொண்டுவரும் சொல்லை விலக்க வேண்டாம் என்ற கருத்து அதற்கும் வெகு முன்னரே தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் இருக்கிறது. ஆகவே ‘இதெல்லாம் தமிழா?’ என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, தமிழ் இலக்கணம் அவர்களைவிடத் தாராளமானது என்பதுதான்.

பொற்கொல்லருக்கு வாடிக்கையாளர் எப்படியோ, பதினெட்டு வயதுக்குப் பெற்றோரும் தாத்தா பாட்டியும் அப்படி. எதிரில் இருக்கிறார்கள், அன்பானவர்கள்தான், ஆனால் எல்லாவற்றையும் அவர்கள் கேட்க வேண்டாம். அமெரிக்க மானிடவியலாளர் கான்ஸ்டன்டைன் நகாசிஸ் மதுரையிலும் சென்னையிலும் கல்லூரி மாணவர்களோடு பழகி ஆராய்ந்து, 2016-இல் ஒரு நூல் வெளியிட்டார். ‘ஸ்டைல்’, ‘கெத்து’ என்று அந்த மாணவர்கள் சொல்வதன் பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான் அவர் கேள்வி. சிறு பையனும் இல்லை, இன்னும் பெரிய மனிதனும் ஆகவில்லை என்ற இடைப்பட்ட நிலையை அந்தச் சொற்கள் தாங்கி நிற்கின்றன என்று அதைப் படித்தபோது எனக்குப் பட்டது. வீட்டில் பிள்ளை, வேலைக்குப் போய்க் கல்யாணம் ஆனபின் குடும்பஸ்தன், நடுவில் இருக்கும் சில ஆண்டுகள்தான் தனக்கே தனக்கு. அந்த ஆண்டுகளுக்கென்று ஒரு மொழி வேண்டியிருக்கிறது. அதில் அப்பா நுழைந்தால் அது அவர் வீட்டின் இன்னொரு அறையாகிவிடும்.

பெரியவர்கள் கற்றுக்கொண்டவுடன் சொல் பழசாகிவிடுவது அதனால்தான். ‘கெத்து’ சினிமாத் தலைப்பாகி, விளம்பரப் பலகையேறி, மாமாவின் வாட்ஸ்அப் வாழ்த்தில் வந்து சேர்ந்தபோது, அதைத் தொடக்கத்தில் சொன்ன பையன்கள் வேறு சொல்லுக்கு நகர்ந்துவிட்டிருந்தார்கள். பெரியவர்கள் துரத்துவதே சொல் ஓடுவதற்குக் காரணமாகிறது. இந்த ஓட்டத்தில் எட்டிப் பிடிப்பது என்பது கிடையாது.

ஆனால் பிடிக்க முடியாதது புரியாததாக இருக்க வேண்டியதில்லை. இதை எனக்குக் காட்டியது ஒரே ஒரு சொல்வரிசை. சலிப்பூட்டும் பேச்சை, சிரிப்பு வராத நகைச்சுவையை என் அப்பா தலைமுறை ‘அறுவை’ என்றது. விடாமல் அறுப்பவருக்கு ‘ரம்பம்’ என்று பட்டப்பெயர். நான் கல்லூரியில் படித்தபோது அது ‘பிளேடு’. பேராசிரியர் ஒருவர் வகுப்புக்குள் நுழைந்தாலே பின்வரிசையில் ஒருவன் கன்னத்தைத் தடவி, சவரம் செய்வதுபோல் சாடை காட்டுவான். கூடவே ‘கடி’யும் இருந்தது. கடி ஜோக் என்றே பத்திரிகைகளில் பகுதி வந்தது. எனக்குப் பின்னால் வந்தவர்கள் ‘மொக்கை’ என்றார்கள். மொக்கை என்றால் கூர் மழுங்கியது. கத்தி மொக்கையாகிவிட்டது என்று அம்மா அரிவாள்மனையைப் பார்த்துச் சொல்வாள். அறுவை, ரம்பம், பிளேடு, கடி, மொக்கை. அறுத்தது, கடித்தது, கடைசியில் முனை மழுங்கியது. மூன்று தலைமுறைகள் ஒருவரை ஒருவர் கேட்காமல் ஒரே பட்டறையில் வேலை செய்திருக்கிறார்கள். சலிப்பு என்பது கூரில்லாத கருவியால் மெல்ல மெல்ல அறுபடுவது என்ற உணர்வு தமிழில் அப்படியே தங்கிவிட்டது. சொல்தான் மாறிக்கொண்டு வந்தது. அப்பாவிடம் இந்த வரிசையைச் சொன்னபோது, ‘மொக்கை’யை அவர் அன்றே முழுதாகப் புரிந்துகொண்டார். விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

தமிழில் முன்பே பழகிய வேரிலிருந்து வரும் புதுச் சொற்கள் பலவற்றுக்கு இப்படி ஒரு திறவுகோல் பெரியவர்கள் கையிலேயே இருக்கிறது. ‘தெறி’ என்றால் என்ன என்று அடுப்பில் கடுகு தாளித்த பாட்டிக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். ‘பங்கமா கலாய்ச்சிட்டான்’ என்பதில் பங்கம் பழஞ்சொல். மான பங்கத்தில் வருவது அதுவேதான். ‘கலாய்’ மட்டும் வேறு வழியில் போகும். பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே ஈயம் பூசுவதைக் கலாய் பூசுவது என்று சொல்லிக் கேட்டவர்கள், பேரன் நண்பனுக்குக் கலாய் பூசுகிறானோ என்று ஒரு நிமிடம் குழம்புவார்கள். ‘மரண மாஸ்’, ‘மரண காமெடி’ என்று மரணத்தை மிகுதிக்கு அடையாகப் போடுவது பல வீடுகளில் பாட்டியை வாயில் அடித்துக்கொள்ள வைத்தது. நிறைவான நாளில், விளக்கேற்றிய நேரத்தில் அந்தச் சொல்லா என்ற பதைப்பு அது. அங்கே நன்னூல் சொன்ன மங்கலம் இன்னும் உயிரோடு இருக்கிறது. செத்தார் என்னாமல் துஞ்சினார் என்பவர்களின் வழிவந்த காதுக்கு, மரணம் என்பது விளையாட்டுச் சொல்லாக முடியாது.

பெரியவர்களின் எல்லா மறுப்பும் இப்படி நெஞ்சிலிருந்து வருவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சிலது எங்கிருந்து வந்த சொல் என்பதைப் பொறுத்தது. சென்னைத் தமிழ் துறைமுகத்திலும் ரிக்‌ஷா நிலையத்திலும் மீன் சந்தையிலும் விளைந்தது. ‘துட்டு’ டச்சுக்காரரின் காசிலிருந்து வந்தது. ‘கலீஜ்’, ‘பேஜார்’, ‘நாஸ்தா’ உருது வழி. ‘நைனா’ தெலுங்கு. ‘கேடி’ ஆங்கிலேயர் காலத்துப் போலீஸ் பதிவேட்டில் பழைய குற்றவாளிகளைக் குறித்த இரண்டு எழுத்து. ஐந்து மொழிகள் கலந்த இந்த வளமான பேச்சை 1958-இல் ‘சபாஷ் மீனா’ படத்தில் சந்திரபாபு பேசியபோது ஊரே ரசித்தது. ஜெயகாந்தன் ‘சினிமாவுக்குப் போன சித்தாளு’வை அந்தப் பேச்சிலேயே எழுதிக் காட்டினார். ஆனால் ரசித்த அதே நடுத்தர வீட்டில், பிள்ளை ‘கலீஜ்’ என்றால் முதுகில் ஒன்று விழும். திரையில் பார்க்கலாம், கதையில் படிக்கலாம், நம் வீட்டுக் கூடத்தில் வரக்கூடாது. இன்று கோயம்புத்தூரில் ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் பையன், வடசென்னையைக் கண்ணால் பார்க்காமலேயே அதன் சொற்களைப் பேசுகிறான். தாத்தாவுக்கு உறுத்துவது சொல்லின் புதுமையா, அந்தச் சொல் பிறந்த தெருவா என்று அவர் தம்மையே ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். என் வீட்டில் நான் அடிவாங்கிய சொற்களை இப்போது எண்ணிப் பார்த்தால், அவற்றில் ஒன்றுகூட அசிங்கமான சொல் இல்லை. எல்லாம் ஏழைகளின் சொற்கள்.

ஒரு சொல் தமிழா இல்லையா என்பது நீதிமன்றம் வரைக்கும் போனதும் உண்டு. தமிழில் தலைப்பு வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு என்று 2006-இல் தமிழக அரசு அறிவித்தது. பத்து ஆண்டு கழித்து, 2016 பொங்கலுக்கு வந்த ‘கெத்து’ படத்துக்கு அந்த விலக்கு மறுக்கப்பட்டது. கெத்து தமிழ்ச்சொல் இல்லை என்பது சொல்லப்பட்ட காரணம். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஊரில் ஒவ்வொரு கல்லூரி வாசலிலும் ஒரு நாளைக்கு நூறு முறை ஒலிக்கும் சொல்லுக்குத் தமிழ்ப் பிறப்புச் சான்று கேட்டு வக்கீல்கள் வாதாடினார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பான செய்தி. அகராதியும் அரசாணையும் நின்று பார்க்கும்போது பேச்சு அவற்றைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறது.

‘ப்ரோ’ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதியவர்கள் அதிகம் முகம் சுளிக்கும் சொல் இதுவாகத்தான் இருக்கும். உணவு கொண்டுவரும் இளைஞன் அறுபது வயதுக்காரரை “ப்ரோ, ஓடிபி சொல்லுங்க” என்கிறான். மரியாதை தெரியாத பிள்ளை என்று அவர் கதவைச் சாத்துகிறார். ஆனால் பேச்சுத் தமிழில் உடன்பிறந்தவனை விளிக்க வயது சாராத சொல் இல்லை என்பதை நாம் கவனிப்பதில்லை. அண்ணன் அல்லது தம்பி. அக்கா அல்லது தங்கை. வாயைத் திறக்குமுன் எதிரிலிருப்பவர் வயதை அளந்து, தட்டில் வைத்து நிறுத்தாக வேண்டும். சகோதரன் என்ற சொல் மேடைக்கும் கடிதத்துக்கும் உரியது. தெருவில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. ‘அண்ணே’ என்றால் சிலருக்குக் கோபம், ‘அங்கிள்’ என்றால் பலருக்கு அதைவிடக் கோபம், ‘சார்’ என்றால் ஒரு தூரம் விழுகிறது. இந்த அளவெடுக்கும் வேலையிலிருந்து விடுபட ஒரு வழியாக ‘ப்ரோ’ வந்திருக்கிறது. அந்த இளைஞனுக்கு அது அவமதிப்பே இல்லை. ‘சொல்லுங்க’ என்ற பன்மை விகுதி கூடவே இருக்கிறதே. மரியாதை வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது, பெரியவர் அதை விளிச்சொல்லில் தேடுகிறார். நெல்லையில் ‘எலே’, நாகர்கோவிலில் ‘மக்கா’, மதுரையில் ‘மாப்ள’, கோவையில் ‘ணா’ என்று ஊருக்கு ஊர் மணத்த விளிகளின் இடத்தில் ஒரே ‘ப்ரோ’ வந்து உட்கார்வதில் எனக்கு வருத்தம் உண்டு. அது வேறு வருத்தம். மரியாதைக் குறைவு பற்றியது அல்ல.

விளிச்சொல்லின் பயணத்துக்கு ஒரு நல்ல எதிர்க்கதையும் இருக்கிறது. மாமன் மகனைக் குறித்த ‘மச்சான்’ இலங்கையில் சிங்கள இளைஞர்களின் அன்றாட விளியாகி ‘மச்சங்’ ஆனது. மலேசியாவில் மலாய்க்காரரும் சீனரும் ஒருவரை ஒருவர் ‘மச்சா’ என்கிறார்கள். நம் உறவுமுறைச் சொல் நம்மைக் கேட்காமல் அயல்மொழி இளைஞர் வாயில் வாழ்கிறது. அங்கே எந்தப் பெரியவர் முகம் சுளித்தாரோ!

மூளை பிடிக்கவில்லை, வயதாகிவிட்டது என்று முதியவர்கள் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. ஜோஷுவா ஹார்ட்ஸ்ஹார்னும் லாரா ஜெர்மைனும் 2015-இல் வெளியிட்ட பெரிய ஆய்வு ஒன்று, மனத்தின் வெவ்வேறு திறன்கள் வெவ்வேறு வயதில் உச்சம் தொடுவதைக் காட்டியது. வேகமாகக் கணிக்கும் திறன் இளமையிலேயே இறங்கத் தொடங்குகிறது. சொல்வளமோ அறுபது வயதைத் தாண்டியும் ஏறிக்கொண்டே போகிறது. புதுச் சொல் ஒன்றைக் கற்பதற்கு உரிய செல்வம் பேரனைவிடத் தாத்தாவிடம்தான் அதிகம்.

தடுப்பது பெரும்பாலும் காது. அறுபது வயதைக் கடந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குச் செவித்திறன் குறைந்திருக்கிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. வயதால் வரும் இந்தக் குறை முதலில் உயர்ந்த அதிர்வெண்களைத் தின்கிறது. உயிரொலிகள் கேட்கும், ச, ஸ், ஃப், த போன்ற மெல்லிய உரசல்கள் கரையும். தெரிந்த சொல்லாக இருந்தால் மூளை இடைவெளியை நிரப்பிக்கொள்ளும். ‘சாப்ட்டியா’ என்பதில் பாதி கேட்டாலே போதும். புதுச் சொல்லில் நிரப்ப எதுவும் இல்லை. இளைஞர் பேச்சோ வேகம், சொல்லின் கடைசி அசையை விழுங்கும் பழக்கம், கூடவே பின்னணியில் தொலைக்காட்சி. பெரியவர் மீண்டும் கேட்டால், “ஒண்ணுமில்ல விடு தாத்தா” என்று பதில் வருகிறது. இந்த ‘விடு’ எந்தப் புதுச் சொல்லையும்விடக் கூராக அறுக்கிறது. சொல் புரியாதது ஒரு சங்கடம். சொல்ல வேண்டிய அளவுக்கு நீ முக்கியமில்லை என்று கேட்பது வேறு. காது பரிசோதனைக்குக் கூட்டிப்போனபின் வீட்டுப் பேச்சில் மீண்டும் கலந்துகொண்ட முதியவர்களை நான் பார்த்திருக்கிறேன்; அவர்களுக்குத் தலைமுறை இடைவெளி இருந்ததில்லை, காதுக்குள் அடைப்புதான் இருந்தது.

அடுத்தது, சொல் எதிலிருந்து வருகிறது என்பது. எம்.ஜி.ஆர். காலத்து ‘வாத்தியாரே’ திரையரங்கில் பிறந்து ஊர் ஊராக நடந்து வந்தது. வர மாதங்கள் ஆயின. வரும் வழியில் எல்லா வயதினரும் அதைக் கேட்டார்கள். வடிவேலுவின் நகைச்சுவை வீட்டில் ஒரே தொலைக்காட்சி இருந்த நாட்களில் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தது. ஆகவேதான் இன்றைக்கும் வடிவேலுவின் ஒரு முகபாவம் போதும், எண்பது வயதும் எட்டு வயதும் சேர்ந்து சிரிக்க. அது மீம் வடிவில் வந்தாலும் தாத்தாவுக்கு மூலம் தெரியும். 2020 ஜூனில் டிக்டாக் தடை செய்யப்பட்டு, அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தபின் நிலைமை மாறியது. ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு திரை, ஒவ்வொரு திரையிலும் வேறு வேறு காட்சி. முப்பது நொடிக் காணொளி ஒன்றில் யாரோ ஒருவர் சொன்ன விதத்தால் சொல் பிறக்கிறது. அந்தக் காணொளியைப் பார்க்காதவருக்கு அகராதிப் பொருள் சொன்னாலும் சிரிப்பு வராது. ஒரே வீட்டில் அண்ணனுக்குத் தெரிந்தது தங்கைக்குத் தெரிவதில்லை. இருபத்தைந்து வயதுக்காரர் பதினாறு வயதிடம் பொருள் கேட்கும் நிலை. தாத்தா மட்டும் தனியாகப் பின்தங்கிவிடவில்லை. வரிசை நீளமானது, அவர் அதன் கடைசியில் நிற்கிறார்.

ஆங்கிலத்திலிருந்து நேரே வரும் சொற்களுக்கு நான் முன்பு சொன்ன திறவுகோலும் பயன்படாது. ‘ரிஸ்’ என்பதை ஆக்ஸ்போர்டு 2023-ஆம் ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தது. ஆளை ஈர்க்கும் தன்மையைக் குறிக்கும் ‘கரிஸ்மா’வின் நடுவை வெட்டி எடுத்தது. அதை ‘அவனுக்கு ரிஸ் இருக்கு’ என்று மகள் சொல்லும்போது, ரிசர்வ் வங்கியா என்று அப்பா கேட்பதில் தவறில்லை. ‘கிரிஞ்ச்’ கொஞ்சம் பரவாயில்லை. அடுத்தவர் நடத்தையைப் பார்த்து நமக்குக் கூசுவது. ‘கூச்சம்’ என்று சொல்லிக் கொடுத்தால் பொருள் பாதிதான் வரும், ‘பார்க்கிற நமக்கே உடம்பு கூசுது’ என்றால் முழுதும் வந்துவிடும். நம் பெண்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் வாக்கியம் அது.

புரிந்துகொள்வதோடு நில்லாமல் பேசிப் பார்ப்பவர்களும் உண்டு. இங்கேதான் நான் கட்சி எடுக்கிறேன். ஹோவர்ட் ஜைல்ஸ் 1970-களில் வகுத்த பேச்சு இசைவுக் கோட்பாடு, எதிரிலிருப்பவரை நெருங்க நாம் அவர் பேச்சைப் பூசிக்கொள்வதைப் பற்றியது. அளவோடு நெருங்கினால் உறவு; அளவு மீறினால் எதிரிலிருப்பவர் பின்வாங்குவார். ஐம்பது வயதுப் பேராசிரியர் “மச்சி, அசைன்மென்ட் வேற லெவல்ல இருக்கணும்” என்றால் வகுப்பு சிரிக்கும், பிறகு அடங்கிவிடும். மச்சி என்பது சமமானவர்களின் விளி. மதிப்பெண் போடுகிற கையோடு அதைச் சொல்ல முடியாது. தேர்தல் மேடையில் ‘வைப்’ என்றும் ‘கெத்து’ என்றும் பேசும் மூத்த தலைவர்களுக்கும் இது பொருந்தும். இளைஞர்கள் அவர்களிடம் எதிர்பார்ப்பது தங்கள் சொற்களை அல்ல, வேலைவாய்ப்பை.

பாட்டியைக் கேமரா முன் உட்கார வைத்து, ‘தக் லைஃப்’ என்று சொல்லச் சொல்லி, அதை லட்சம் பேருக்குக் காட்டுவதும் நடக்கிறது. பலர் அதை அன்பு என்கிறார்கள். சில காணொளிகளில் அது அன்புதான், பாட்டியே விளையாட்டை நடத்துகிறாள். ஆனால் என்ன சொல்கிறோம் என்று தெரியாமல் சொல்லும் முகத்தை வைத்துச் சிரிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அவளிடம் பொருள் சொல்லிவிட்டுப் பிறகு படம் எடுத்தால் என்ன?

‘பூமர்’ இந்தப் பட்டியலில் தனி இனம், ஏனென்றால் அது பெரியவர்களையே குறித்தது. முதன்முதலில் கேட்டபோது, தொண்ணூறுகளில் பெட்டிக்கடையில் வாங்கிய, அதே பெயர் கொண்ட பபிள்கம்தான் எனக்கு நினைவு வந்தது. அமெரிக்காவில் 1946 முதல் 1964 வரை பிறந்த பெருந்தலைமுறைக்கு வைத்த பெயர் அது. 2019-இல் ‘ஓகே பூமர்’ என்று உலகெங்கும் பரவி, தமிழ்நாட்டுக்கு வந்ததும் ஆண்டுக்கணக்கை உதறிவிட்டது. இங்கே அறிவுரை சொல்பவர் எல்லோரும் பூமர்தான், முப்பது வயதானாலும். 2024-இல் ‘பூமர் அங்கிள்’ என்று ஒரு படமே வந்தது. என் அப்பா தலைமுறை தன் பெரியவர்களைப் ‘பழைய பஞ்சாங்கம்’ என்றது, என் தலைமுறை ‘பெருசு’ என்றது. இரண்டிலும் வயது இருந்தது. பூமரில் வயது இல்லை, நடத்தை இருக்கிறது. கேட்காத அறிவுரையைக் கொட்டுவதைக் குறிக்கும் ஒரு சொல் நமக்கு நெடுநாளாகத் தேவைப்பட்டிருக்கிறது. அதைப் பிள்ளைகள் தேடி எடுத்திருக்கிறார்கள். குத்துகிறதுதான், ஆனாலும் அந்தச் சொல்லிலிருந்து தப்பும் வழி நம் கையில் இருக்கிறது, பெருசு என்பதிலிருந்து தப்ப வழி இருந்ததில்லை.

எல்லாவற்றையும் ஏற்றுக்கொள் என்று நான் சொல்லவில்லை. உடற்குறையை, நிறத்தை, சாதியை, பெண்ணின் நடத்தையை வைத்துப் புனையும் கேலிச்சொற்கள் இளைஞர் பேச்சில் மலிந்திருக்கின்றன. அங்கே பெரியவர் நிறுத்திக் கேட்கத்தான் வேண்டும். அதற்கு முதலில் பொருள் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் எல்லாச் சொல்லுக்கும் ஒரே கோபம் காட்டினால், கோபப்பட வேண்டிய இடத்தில் அந்தக் கோபத்துக்கு மதிப்பிருக்காது. இதைச் சொல்லும்போது, நம் காலத்தில் நாம் வாய்கூசாமல் சொன்ன பட்டப்பெயர்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும். வகுப்பில் திக்கிப் பேசிய பையனுக்கு நாங்கள் வைத்த பெயர் இன்றைக்கும் என்னைத் தூங்கவிடாமல் செய்யும்.

கி. ராஜநாராயணன் 1982-இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை வெளியிட்டபோது அவருக்கு அறுபது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. பல்கலைக்கழகம் செய்யாததைப் புன்செய் விவசாயி ஒருவர் செய்தார். பெருமாள்முருகன் கொங்குச் சொற்களுக்கு அப்படி ஓர் அகராதி செய்தார். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992-இல் தொடங்கி 2020-இல் மூன்றாம் பதிப்பு கண்டது. ஊருக்குரிய சொற்களைத் தொகுக்க ஆள் இருந்தார்கள். வயதுக்குரிய சொற்களைத் தொகுக்க ஆள் இல்லை. பத்தாண்டு கழித்து ‘தரமான சம்பவம்’ யாருக்கும் நினைவிருக்காது. அதற்குள் பிறந்து மடிந்த நூறு சொற்கள் ஏட்டில் இல்லாமலே போகும். நேரமும் சொல்வளமும் உள்ளவர்கள் நம் வீட்டு முதியவர்கள். அவர்கள் பேச வேண்டாம். எழுதி வைக்கலாம்.

அப்பாவிடம் இதை நான் சொல்லவில்லை. அவரே தொடங்கியிருக்கிறார். வங்கி கொடுத்த பழைய டைரி ஒன்றில், ஜனவரிப் பக்கங்களில், இடப்புறம் சொல்லும் வலப்புறம் பொருளுமாக. சம்பவம்: பெரிய காரியம், நல்லதும் உண்டு. கிரிஞ்ச்: பார்க்கிற நமக்குக் கூச்சம். பொருள் தெரியாத இடங்களில் பென்சிலால் கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறிகளுக்கு மேலே மகள் பேனாவால் பதில் எழுதியிருக்கிறாள், சிலவற்றுக்கு “இது வேணாம் தாத்தா” என்று.

போன வாரம் ‘உருட்டு’ என்ற சொல்லில் இருவரும் நின்றுவிட்டார்கள். பொய் சொல்வது, கதை விடுவது என்று மகள் விளக்கினாள். அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தம் காலத்துச் சொற்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். கயிறு திரிக்கிறது. சரடு விடுறது. காதுல பூ சுத்துறது. ரீல் சுத்துறது.

“ரீலா? இன்ஸ்டா ரீலா தாத்தா?” என்று மகள் கேட்டாள்.

“சினிமாப் பொட்டிக்குள்ள இருக்குமே, அந்த ரீல்.”

அவள் டைரியை வாங்கி, அந்த நான்கின் கீழே ஐந்தாவதாக ‘உருட்டுறது’ என்று எழுதி, ஐந்தையும் சேர்த்து ஒரு வளையம் போட்டாள்.